பக்கத்து வீட்டுக் காப்பகமும் ஊராட்சி மன்றமும்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து வடபகுதியில் இருக்கும் ஓர் எஸ்டேட் டவுனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 33. பிறந்து வளர்ந்தது தோட்டத்து லைன் வீட்டில். தோட்ட நிலத்தில் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போனபோது, டவுனை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், மலிவு விலை வீடு கிடைத்துக் குடிவந்திருக்கிறார்கள். கணவர் லோரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் வெளியூர். இவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எட்டு வயதில் ஒரு மகள், இரண்டரை வயதில் ஒரு மகன். மகனை நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அம்மாவிடம் விட்டுப் போகிறார். ஊரே அவரை "ஆண்டி" என்றுதான் கூப்பிடுமாம். அந்த வீட்டில் மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள்: நாலு வயதுக்குக் கீழ் எட்டுப் பேர், அதில் இரண்டு கைக்குழந்தைகள், மற்ற நாலு பேர் பள்ளி விட்டு வருகிறவர்கள். கூடமாட உதவிக்கு ஆண்டியின் பதினாறு வயதுப் பேத்தி.

இரண்டு மாதத்துக்கு முன் ஆண்டி பால் கலக்க உள்ளே போன நேரத்தில் பையன் வெளியே போய்விட்டான். கேட்டின் கொக்கி சரியாக விழவில்லை. வாசலுக்கு எதிரே உள்ள கால்வாய்க்கு ஒரு வருடமாகவே சிமெண்ட் மூடி இல்லை. கேஸ் தோம்பு போட வந்தவர், பையன் அதற்குள் நின்று அழுவதைப் பார்த்துத் தூக்கி வந்திருக்கிறார். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் ஊராட்சி மன்றத்தின் கவுண்டரில் போய்ச் சொன்னதற்கு, "காப்பகம் எங்கள் வேலை இல்லை, ஜே.கே.எம்.-இல் (சமூக நலத்துறையில்) சொல்லுங்கள். கால்வாயைப் பார்க்கிறோம்" என்று பதில். இதுவரை யாரும் வரவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன் மகளோ, "இங்கே கவுன்சிலில்தான் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, அவர்கள் மேல் கேஸ் போடுங்கள்" என்கிறாள்.

அவர் கேட்பது மூன்று. மன்றத்தின் மேல் வழக்குப் போட முடியுமா? ஜே.கே.எம்.-இல் சொன்னால் ஆண்டி ஜெயிலுக்குப் போவாரா? மகள் பள்ளி முடிந்து மாலை வரை வீட்டில் தனியாக இருக்கிறாள், அதிகாரிகள் வந்து பார்த்தால் "என் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?"

கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "இன்னும் அங்கேதான் விடுகிறேன் அக்கா. வேறு எங்கே விடுவது?"

அன்புச் சகோதரி,

கடைசி வரியில் கூசிக் கூசி எழுதியிருக்கிறீர்கள். கூச வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட நியாயமான கேள்வி அதுதான். அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் யார் எதற்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது தெரியாமல் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் உங்களை அடுத்த கவுண்டருக்குத்தான் அனுப்புவார்கள்.

மன்றத்தின் கையில் இருப்பது எது, இல்லாதது எது

கவுண்டரில் சொன்னதில் பாதி உண்மை. நம் நாட்டில் நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் காப்பகங்கள், அதாவது தாஸ்காக்கள், 1984ஆம் ஆண்டின் குழந்தைகள் காப்பகச் சட்டத்தின் கீழ் சமூக நலத்துறையில், அதாவது ஜே.கே.எம்.-இல், பதிய வேண்டியவை. நாலு வயதுக்கு மேற்பட்டவர்கள் போகும் பாலர் பள்ளி 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் கீழ் கல்வி இலாகாவிடம் இருக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இன்னொரு சட்டம், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம். அதுவும் ஜே.கே.எம். பார்ப்பதுதான். ஆக, ஆண்டியின் ஒரே வரவேற்பறையில் இரண்டு சட்டங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

மீதிப் பாதிதான் உங்களுக்குச் சொல்லப்படவில்லை. தாஸ்கா பதிய வேண்டும் என்றால் ஜே.கே.எம். மட்டும் பார்த்தால் போதாது. தீயணைப்புப் படை, சுகாதார இலாகா, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் ஆதரவும் வேண்டும். வீட்டை அந்த வேலைக்குப் பயன்படுத்தலாமா, கட்டடம் அதற்குத் தகுந்ததா என்பதை மன்றம்தான் பார்க்கிறது. அப்புறம், தாமான் சாலையோரக் கால்வாய், விளையாட்டு மைதானம், மன்றத்தின் மண்டபம் இவையெல்லாம் நேராக மன்றத்தின் பொறுப்பு. உங்கள் மகன் விழுந்தது அந்தக் கால்வாயில். "எங்கள் வேலை இல்லை" என்று அதை அவர்கள் தள்ளிவிட முடியாது.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சில எஸ்டேட் டவுன்களில் சாலையும் கால்வாயும் இன்னும் மேம்பாட்டாளர் பெயரிலோ தோட்ட நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும். மன்றத்திடம் ஒப்படைத்திருக்க மாட்டார்கள். மதிப்பீட்டு வரி கட்டுகிறீர்கள் என்பதால் மட்டும் கால்வாய் மன்றத்துக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. மன்றத்தின் பொறியியல் பிரிவில் சாலைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெரியும். சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டிலிருந்தே தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். எல்லா மாநிலத்தாருக்கும் இந்த வசதி இல்லை; உங்களுக்கு இருக்கிறது.

அண்ணன் மகள் சொன்னது பற்றி

அவர் சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் சட்டப்படி, பிள்ளைகள் நலனுக்குப் பொறுப்பான பெரிய கவுன்சில் ஒவ்வொன்றிலும் அந்தச் சேவைகளுக்கென ஒரு தலைமை அதிகாரி இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பேற்கும் ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும். அந்த உறுப்பினர் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். கேள்வி கேட்க மற்ற உறுப்பினர்கள் அடங்கிய குழுவும் உண்டு. ஆனால் அங்கேயும் காப்பகத்தைப் பதிந்து சோதனை செய்வது கவுன்சில் இல்லை, ஆஃப்ஸ்டெட் என்ற தனி அமைப்பு.

இங்கே அமைப்பே வேறு. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதைச் சட்டப்படியே எடுத்துவிட்டது. உங்கள் கவுன்சிலரை நியமிப்பது மாநில அரசு. ஊராட்சி மாநிலத்தின் கையில், கல்வி மத்திய அரசின் கையில், சமூக நலனும் பிள்ளைகள் பாதுகாப்பும் இருவருக்கும் பொது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்திருக்கிறது. உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கான சேவை முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் என்று மன்றத்தில் ஒருவரைக் காட்ட முடியாது.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது இன்னொன்று. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் சட்டம், வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் போதுமான காப்பக இடம் இருக்கும்படி இயன்றவரை பார்த்துக்கொள்ளும் கடமையைக் கவுன்சில் மேல் வைத்திருக்கிறது. நம் சட்டம், இருக்கும் காப்பகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறது. ஓர் ஊரில் காப்பகமே இல்லையென்றால் யார் பதில் சொல்வது என்று அது கேட்பதில்லை. தோட்டத்தில் நிலைமை அப்படி இல்லை. உங்கள் அம்மா பால்மரம் வெட்டப் போனபோது உங்களை ஆயாக்கொட்டகையில் விட்டிருப்பார். இன்றைக்கும் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டத்தில், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களின் சிறு பிள்ளைகளுக்குக் காப்பகம் வைப்பது பற்றிய விதி இருக்கிறது. கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தவர்களோடு அந்தக் கடமை வரவில்லை. "வேறு எங்கே விடுவது?" என்று நீங்கள் கேட்டதை நியாயமான கேள்வி என்று நான் சொன்னது இதனால்தான். நீங்கள் அக்கறையில்லாத தாய் என்பதால் வந்த நிலை இல்லை இது. லைன் வீட்டுக்கும் தாமானுக்கும் நடுவில் ஒரு பொறுப்பு விட்டுப்போயிருக்கிறது. (லைன் வீட்டில் இன்னும் இருக்கும் உறவுக்காரர்கள் யாராவது ஆயாக்கொட்டகை மூடிக் கிடக்கிறது என்று சொன்னால், தொழிலாளர் இலாகாவில் கேட்கச் சொல்லுங்கள்.)

வழக்கு வேண்டாம் என்கிறேன்

மன்றத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்றில்லை. பொது அதிகாரிகள் மேல் போடுவதானால், 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி சம்பவம் நடந்து 36 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். ஆனால் கேட்பதற்கு நட்டம் வேண்டும். நல்லவேளையாக உங்கள் பையனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அதற்காக நீதிமன்றம் போனால் கிடைப்பதைவிடச் செலவாவதுதான் அதிகம். "பதியாத காப்பகத்தை ஏன் விட்டுவைத்தீர்கள்" என்று மன்றத்தைக் குற்றம் சாட்டுவது இன்னும் கடினம். 1993இல் அடுக்குமாடி இடிந்து 48 பேர் இறந்த ஹைலண்ட் டவர்ஸ் வழக்கிலேயே, கட்டடங்களுக்கு அனுமதி தருவதிலும் சோதனை செய்வதிலும் மன்றங்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 2006இல் கூட்டரசு நீதிமன்றம் ஊராட்சி மன்றத்தை விடுவித்தது. அவ்வளவு பெரிய இழப்பு வந்தவர்களுக்கே கதி அதுதான்.

உங்களுக்குத் தேவை கால்வாய்க்கு மூடியும் பையனுக்கு நல்ல இடமும். இரண்டுக்கும் வழக்கைவிடக் கடிதம் வேகமாக வேலை செய்யும்.

கவுண்டரில் வாயால் சொன்னீர்கள். அது எங்கும் பதிவாகியிருக்காது. இப்போது ஒரு பக்கத்துக்கு மலாயில் எழுதுங்கள். சம்பவம் நடந்த தேதி, நேரம், சாலைப் பெயர், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, மூடி எத்தனை அடி நீளத்துக்கு இல்லை, எவ்வளவு ஆழம் என்று இருக்கட்டும். ஓர் அடிக்கோலைக் கால்வாயில் நிறுத்திப் படம் எடுத்து இணையுங்கள். கூடவே, இன்ன தேதியில் கவுண்டரில் சொன்னேன், நடவடிக்கை இல்லை என்று ஒரு வரி. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரை குத்தி வாங்காமல் வராதீர்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கும், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும், இந்தியச் சமூகத் தலைவருக்கும் ஒரு நகல் போகட்டும். ஆபத்து இருக்கிறது என்று எழுத்தில் தெரிந்த பிறகு யாரும் எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார்கள். நாளைக்கு யாருக்காவது பெரிய காயம் ஏற்பட்டால், மன்றத்துக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்றத்தின் முழுக் கூட்டம், வேண்டாம் என்று அவர்களே தீர்மானம் போட்டால் ஒழிய, பொதுமக்கள் வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய கூட்டம். ஊராட்சிச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. எழுந்து பேச முடியாதுதான். ஆனால் தாய்மார் நாலு பேர் போய் உட்கார்ந்திருந்தால், நீங்கள் கேட்கச் சொன்னதை உங்கள் கவுன்சிலர் கேட்டாரா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆண்டியின் விஷயம்

பதியாமல் தாஸ்கா நடத்துவது குற்றம். அபராதமும் சிறையும் சட்டத்தில் உண்டு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் ஆண்டி பதிந்துகொள்ள முடியாத நிலையில் இல்லை. வீட்டிலேயே நாலு முதல் ஒன்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே "வீட்டுத் தாஸ்கா" என்று ஒரு வகை இருக்கிறது. அவரிடம் அந்த வயதில் எட்டுப் பேர். எண்ணிக்கை பொருந்துகிறது. பொருந்தாதது ஆள்பலம். ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று பேருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், மூன்றுக்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது 2012ஆம் ஆண்டு விதிகளின் கணக்கு. பதினாறு வயதுப் பேத்தி இதில் சேர மாட்டாள். கைக்குழந்தைகளைப் பார்க்கவே ஓர் ஆள் முழுதாக வேண்டும். அன்று பால் கலக்க உள்ளே போன ஆண்டிக்குப் பதிலாக வெளியே நிற்க ஒரு பெரியவர் இல்லை. நடந்தது அவ்வளவுதான். ஆண்டி கெட்டவர் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை, எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

அதனால் முதலில் மற்ற தாய்மாரோடு சேர்ந்து ஆண்டியிடம் பேசுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு அவரே போய், "நான் பதிய விரும்புகிறேன், என்ன செய்ய வேண்டும்" என்று கேட்பதற்கும், புகாரின் பேரில் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பராமரிப்பாளருக்கான அடிப்படைப் பயிற்சி, தீயணைப்புக் கருவி, கேட்டுக்கு நல்ல பூட்டு என்று செலவாகும். தாய்மார் ஆளுக்கு மாதம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டி வரலாம். தாஸ்கா பதிந்ததாக இருந்தால் அந்தக் கட்டணத்துக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. இப்போது கொடுக்கும் பணத்துக்கு அது கிடைக்காது. பள்ளிப் பிள்ளைகள் நாலு பேருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். நாலு பேர் என்றாலே அந்தப் பராமரிப்பு மையச் சட்டம் வந்துவிடும்.

பேசிப் பார்த்தும் ஆண்டி ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளின் எண்ணிக்கை இன்னும் கூடுகிறது, அல்லது அடி, மயக்க மருந்து, கட்டிப்போடுவது என்று ஏதாவது கண்ணில் பட்டால், அப்புறம் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசி (Talian Kasih) 15999க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். தகவல் கொடுத்தவரைப் பாதுகாக்க 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்ற தாய்மார் ஏசுவார்கள்தான். அவர்களுக்கும் வேறு இடம் இல்லாத பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனாலும் அடுத்த தடவை அந்தக் கால்வாயில் தண்ணீர் நிறைந்திருக்கலாம்.

பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

இந்தப் பயத்தால்தான் பல தாய்மார் வாய் திறப்பதில்லை. அதனால் இதை விளக்கமாகவே சொல்கிறேன். சமூக நல அதிகாரி நினைத்த மாத்திரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் நிலையில் பிள்ளை இருக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். அப்படியே அழைத்துப் போனாலும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகளுக்கான நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். நீதிமன்றமும் பெற்றோரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம், கண்காணிப்பின் கீழ் வீட்டிலேயே விடலாம். பிரிப்பது ஒன்றுதான் வழி என்று சட்டம் சொல்லவில்லை. பதியாத காப்பகத்தில் பிள்ளையை விட்டார் என்பதற்காக ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பார்கள் என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. பதியாமல் நடத்துவது நடத்துபவரின் குற்றம்.

மகள் விஷயத்தில் மட்டும் அவ்வளவு லேசாக ஆறுதல் சொல்ல மாட்டேன். தக்க ஏற்பாடு செய்யாமல் பிள்ளையைத் தனியே விட்டுப் போவது அதே குழந்தைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவின்படி குற்றம். 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எத்தனை வயதில் தனியே விடலாம் என்று அந்தப் பிரிவு எண் குறிக்கவில்லை. எவ்வளவு நேரம், எந்தச் சூழ்நிலை, என்ன ஏற்பாடு என்றுதான் பார்க்கும். எட்டு வயதுப் பிள்ளை, பூட்டிய வீடு, அடுப்பு, மாலை ஏழு மணி வரை யாரும் இல்லை என்றால் எந்த நீதிபதியும் முகம் சுளிப்பார். "நான் சின்ன வயதில் தனியாகத்தான் இருந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். லைன் வீட்டில் நீங்கள் தனியாக இல்லை சகோதரி. வாசலில் பாட்டி இருந்தார், அடுத்த கதவு திறந்திருந்தது. தாமானில் எல்லாக் கதவும் பூட்டிக் கிடக்கும்.

இதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும், ஜே.கே.எம்.-க்குப் போவதற்கும் முன்னால். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மாலை வகுப்போ புறப்பாட நடவடிக்கையோ எந்த நாளில் இருக்கிறது என்று கேளுங்கள். மீதி நாளில் ஒரு பெரியவர் வீடு வேண்டும். மாமியாரோ, பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் தோழியோ, யாராக இருந்தாலும் சரி. ஒருவர் வீட்டில் ஒரு பிள்ளை என்றால் எந்தப் பதிவும் தேவையில்லை. முதலாளியிடம் ஷிப்டை மாற்றிக் கேட்கும்போது காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

மகனுக்கு வேறு இடம் தேடும்போது அரசாங்கச் சமூக மேம்பாட்டு இலாகாவான கெமாஸ் நடத்தும் தாஸ்கா பக்கத்தில் இருக்கிறதா என்று மாவட்டக் கெமாஸ் அலுவலகத்தில் விசாரியுங்கள். சமூக நல அலுவலகத்துக்குப் போகும்போது வட்டாரத்தில் பதிந்த தாஸ்காக்களின் பட்டியலையும் கேளுங்கள். பட்டியலில் உங்கள் டவுனில் ஒன்றுமே இல்லை என்றால், அந்தத் தகவலையே கவுன்சிலருக்கான கடிதத்தில் சேருங்கள்: இத்தனை வீடுகள், வேலைக்குப் போகும் தாய்மார் இத்தனை பேர், பதிந்த காப்பகம் பூஜ்யம். பகலில் சும்மா பூட்டிக் கிடக்கும் மன்ற மண்டபத்தில் ஓர் அறையைக் குறைந்த வாடகைக்குக் காப்பகத்துக்குக் கொடுக்க மன்றத்துக்கு மனமிருந்தால் வழியுண்டு. மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, காப்பகத்துக்கு இடம் ஒதுக்குங்கள் என்று எழுத்தில் கேட்கும் உரிமையும் குடியிருப்பாளர்களுக்கு இருக்கிறது.

கடிதம் எழுத உதவி வேண்டுமானால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ அரசாங்கச் சட்ட உதவி இலாகாவுக்கோ போங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை (ஐ.சி.), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கால்வாய்ப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எடுத்துக்கொண்டு போனால் ஒரு தடவையில் வேலை முடியும். அதுவரை ஆண்டி வீட்டு கேட்டுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாளை நீங்களே வாங்கிப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில், உள்பக்கமாக. இந்த வாரமே.